மலையேறும் பெண்களும் மேடையேறும் கனவான்களும்

இப்பொழுது நம் நாட்டில் பண்பாட்டு விழா என்றும், இலக்கியத் திருவிழா என்றும், புத்தகத் திருவிழா என்றும், பொது மக்களுக்கான சொற்பொழிவு என்றும் ஏதாவது ஒன்று நடைபெறாத மாதமே இல்லை. சர்க்கார் நடத்துகின்றது. கல்லூரிகள் நடத்துகின்றன. சங்கங்கள் நடத்துகின்றன. பணம் படைத்த கனவான்களும் தங்கள் பங்குக்கு நடத்துகின்றார்கள். 2022-ம் வருஷக் கடைசியில் திருநெல்வேலியில் பொருநையின் பேரால் இலக்கியத் திருவிழா நடந்தது. 2023-ல் மதுரையில் வைகையின் பேரால் நடந்தது. மாவட்டந்தோறும் புத்தகக் காட்சி நடத்தச் சர்க்காரே பணம் ஒதுக்கியது. 2023 ஜூலையில் மதுரையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் என்னும் பெரிய நூலகமும் திறக்கப்பட்டது. இவைகளெல்லாம் நல்ல காரியங்கள் என்பதில் நமக்கு ஆக்ஷேபணை கிடையாது. கும்பாபிஷேகத்துக்கும், தேருக்கும், வாணவேடிக்கைக்கும் கொட்டப்படும் பணத்தைப் பார்த்துப் பார்த்துச் சலித்துப்போன நமக்கு, புத்தகத்துக்கென்று ஒரு காசு போனாலும் சந்தோஷமே ஆகும்.

ஆனால் நாம் கேட்கும் கேள்வி ஒன்றே ஒன்றுதான். இவைகள் யாருக்காக நடத்தப்படுகின்றன? "பொது மக்களுக்காக" என்று அழைப்பிதழில் அச்சுப் போட்டிருக்கின்றது. அந்தப் பொது மக்கள் என்பவர்கள் யார்? சென்னையிலோ மதுரையிலோ இருந்துகொண்டு இந்தக் கேள்வியைக் கேட்டால் அதற்கு ஆயிரம் சமாதானம் சொல்லிவிடலாம். போடிநாயக்கனூரில் இருந்துகொண்டு கேட்டால் ஒரு சமாதானமும் நிற்காது.

ஏனெனில், போடியிலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் உள்ள ஏழைப் பெண்களில் அனேகர் விடிவதற்கு முன்பே எழுந்து, சோறு பொங்கி, தூக்குச்சட்டியில் எடுத்துக்கொண்டு, ஜீப்பில் நெருக்கியடித்து ஏறி, போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து, பூப்பாறை, சாந்தன்பாறைப் பக்கத்து ஏலத்தோட்டங்களுக்குப் போகின்றார்கள். இவ்விதமே கம்பமெட்டு வழியாகவும், குமுளி வழியாகவும் போகின்றவர்கள் ஆயிரக்கணக்கானவர்கள். அங்கே பகலெல்லாம் களை எடுத்து, செடியின் அடியிலே தரையோடு படர்ந்து கிடக்கும் சரத்திலிருந்து குனிந்த முதுகு நிமிராமல் காய் எடுத்து, சாயங்காலம் அதே ஜீப்பில் இறங்கி, வீட்டுக்கு வந்து மறுபடியும் அடுப்பு மூட்டுகின்றார்கள். மலைக்குப் போகாத பெண்கள் போடியிலேயே கிடங்குகளில் உட்கார்ந்து காயைத் தரம் பிரிக்கின்றார்கள். 2019 ஆகஸ்டில் இடுக்கி ஜில்லாவிலுள்ள புற்றடி ஏலத்தில் ஒரு கிலோ ஏலக்காய் 7000 ரூபாய் வரைக்கும் போயிற்று. அந்த 7000 ரூபாயில் குனிந்தவளுக்கு வந்தது எவ்வளவு, நிமிர்ந்தவனுக்குப் போனது எவ்வளவு என்கின்ற கணக்கை இங்கு நாம் விரிக்கப் போவதில்லை. அந்தக் கணக்கை அவளே போட்டுப் பார்க்கும்படியான அறிவை அவளுக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது யார் என்பதுதான் இன்றைய விஷயம்.

பகல் பதினொரு மணிக்குக் கல்யாண மண்டபத்தில் கருத்தரங்கம் நடக்கின்றது. அந்நேரம் அவள் மலைமேல் இருக்கின்றாள். கூட்டம் குறைவாக இருக்கின்றதே என்று பள்ளிக்கூடப் பிள்ளைகளை வரிசையாக அழைத்து வந்து நாற்காலியை நிரப்புகின்றார்கள். வரவேற்புரை, தலைமையுரை, முன்னிலை, வாழ்த்துரை, பொன்னாடை, நினைவுப் பரிசு எல்லாம் முடிந்து, விஷயத்துக்கு வரும்பொழுது மணி ஒன்றாகிவிடுகின்றது. சாப்பாட்டு மணி அடிக்கின்றது. மறுநாள் பத்திரிகையில் "திரளான பொது மக்கள் கலந்துகொண்டனர்" என்று படத்துடன் செய்தி வருகின்றது. படத்தில் இருப்பவர்கள் மேடையிலுள்ள கனவான்கள் மட்டுமே. திரளான பொது மக்கள் எங்கே என்று தேடினால், அவர்கள் ஏலச்செடிக்கு அடியில் குனிந்துகொண்டிருக்கின்றார்கள்.

"ஆள் வருவதில்லை" என்னும் சமாதானம்

இதைக் கேட்டால் விழா நடத்துகின்றவர்கள் உடனே சொல்லும் சமாதானம், "நாங்கள் கூப்பிடத்தான் கூப்பிடுகின்றோம், ஜனங்கள்தான் வருவதில்லை, அவர்களுக்கு இதிலெல்லாம் ருசி கிடையாது" என்பதாகும். இது சுத்தப் பொய் என்பதற்குச் சாட்சி வெகுதூரத்தில் இல்லை. தேனி ஜில்லாவுக்கும் இடுக்கி ஜில்லாவுக்கும் எல்லையிலே, காட்டுக்குள், மங்கலதேவி கண்ணகி கோவில் என்று ஒன்று இருக்கின்றது. வருஷத்தில் சித்திரா பௌர்ணமி ஒரு நாள் மாத்திரமே ஜனங்களை அங்கு விடுகின்றார்கள். அந்த ஒரு நாளுக்காக இரண்டு ராஜ்யத்து உத்தியோகஸ்தர்களும் முன்கூட்டியே ஒன்றாக உட்கார்ந்து யோசனை செய்கின்றார்கள். குமுளியிலிருந்து ஜீப்புகள் எவ்வளவு, ஒரு ஜீப்பில் எத்தனை பேர், குடிதண்ணீர் எங்கே வைப்பது, வைத்தியர் எங்கே நிற்பது, போலீஸ் எங்கே நிற்பது என்று எல்லாம் திட்டம் போட்டு நடத்துகின்றார்கள். ஆயிரக்கணக்கில் ஜனங்கள் மலையேறி வருகின்றார்கள். வீரபாண்டி கௌமாரியம்மன் திருவிழாவையும் பாருங்கள்! சித்திரையில் இரவும் பகலும் கூட்டம். பஸ் உண்டு, விளக்கு உண்டு, தண்ணீர் உண்டு.

ஆகவே ஜனங்கள் வரமாட்டார்கள் என்பது பொய். அவர்கள் வரக்கூடிய நேரத்தில், வரக்கூடிய இடத்தில், வருவதற்கு வேண்டிய வசதியோடு கூப்பிட்டால் வருகின்றார்கள். சாமிக்கென்றால் அந்த வசதியைச் செய்துகொடுக்க எல்லோருக்கும் புத்தி வேலை செய்கின்றது. அறிவுக்கென்றால் மட்டும் பகல் பதினொரு மணிக்கு மண்டபத்தைத் திறந்து வைத்துவிட்டு, ஜனங்களுக்கு ருசி இல்லை என்று ஜனங்கள்மேலேயே பழி போடுகின்றார்கள். பௌர்ணமிக்குப் போகின்ற ஜீப்பில் எத்தனை பேர் என்று எண்ணுகின்ற அக்கறை, கூலிக்குப் போகின்ற ஜீப்பின்மேல் மற்ற நாளெல்லாம் அதே அளவுக்கு இருக்கின்றதா என்று கேட்கின்றோம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். கதைப்படி கண்ணகி என்பவள் யார்? அரசன் சபைக்கு நேரே போய், நீ செய்தது அநீதி என்று கேட்ட பெண். அப்படிக் கேட்டவளைக் கும்பிடுவதற்கு ஒரு நாள் ஒதுக்கியிருக்கின்றோம். அவளைப்போல் கேட்பதற்கு எத்தனை நாள் ஒதுக்கியிருக்கின்றோம்? 2015 செப்டம்பரில் மூணாறு தேயிலைத் தோட்டத்துப் பெண்கள், பெரும்பாலும் தமிழ்ப் பெண்கள், போனஸைக் குறைத்ததற்காக ரோட்டில் உட்கார்ந்து, கம்பெனியையும் கேட்டார்கள், தங்கள் பேரால் பேசிவந்த தொழிற்சங்கத் தலைவர்களையும் கேட்டார்கள். பெண்கள் ஒற்றுமை என்று தங்களுக்குத் தாங்களே பெயர் வைத்துக்கொண்டு நின்றார்கள். அவர்களுக்கு எந்தக் கருத்தரங்கமும் பேச்சுப் பழக்கிக் கொடுக்கவில்லை. நம் மலையில் கேட்கத் தெரிந்த பெண்கள் இருக்கின்றார்கள். அவர்கள் பேச ஒரு மேடைதான் இல்லை.

நூலகம் தர்மம் அல்ல, நம் பணம்

நிற்க, இவைகளுக்கெல்லாம் பணம் ஏது என்று சிலர் கேட்பார்கள். 1948-ம் வருஷத்திலேயே சென்னை ராஜதானியில் பொது நூலகச் சட்டம் செய்யப்பட்டது. சுதந்திர இந்தியாவில் இப்படிப்பட்ட சட்டத்தை முதல் முதலில் செய்தது நம் ராஜதானிதான். அதன்படி ஸ்தல ஸ்தாபனங்கள் வீட்டு வரியோடு நூலக வரியும் சேர்த்து வசூலிக்கின்றன. இன்று அது சொத்து வரியில் ரூபாய்க்கு 10 காசு வீதம் ஆகின்றது. வீடு இல்லாத கூலிக்காரி இந்த வரியைக் கொடுக்கவில்லையே என்று யாரும் சொல்லவேண்டாம். வீட்டுக்காரர் கட்டும் வரியில் ஒரு பங்காவது வாடகையில் ஏறித்தான் வருகின்றது. ஆகவே ஏலத்தோட்டத்துப் பெண் தன் கூலியிலிருந்து நூலகத்துக்கும் கொடுத்துக்கொண்டுதான் இருக்கின்றாள். அந்த நூலகத்து வாசற்படியை அவள் மிதித்திருக்கின்றாளா? அவள் ஜீப் ஏறும்போது அது பூட்டியிருக்கின்றது. அவள் அடுப்பு வேலை முடிக்கும்போதும் பூட்டியிருக்கின்றது. தன் காசில் நடக்கும் காரியத்தின் உள்ளே தான் போகமுடியாத நிலைமைக்கு என்ன பெயர்? முன்பு நம் ஜனங்களில் அனேகர் தாங்கள் கல் சுமந்து கட்டிய கோவிலுக்குள்ளேயே போகக்கூடாதவர்களாக இருந்தார்கள். அங்கே ஜாதி தடுத்தது. இங்கே கடிகாரம் தடுக்கின்றது. வெளியே நிற்பவர்கள் மட்டும் பெரும்பாலும் அதே ஜனங்கள்தான்!

கிராமங்களில் நூலகமே வைக்கவில்லை என்றும் சொல்லமுடியாது. 2006-ல் தொடங்கிய அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் ஊராட்சிதோறும் நூலகக் கட்டிடம் கட்டினார்கள். புத்தகமும் வாங்கி வைத்தார்கள். ஆனால் அவற்றில் அனேகம் பிற்பாடு பூட்டிக் கிடந்தன. கறையான் படிக்கும் புத்தகசாலைகளாகப் போயின. காரணம் என்ன? கட்டிடம் கட்டியவர்கள், அதைத் திறந்து வைத்து, வந்தவர்க்குப் புத்தகம் எடுத்துக்கொடுத்து, படிக்கத் தெரியாதவர்க்குப் படித்துச் சொல்லும் ஆளுக்கு ஒழுங்கான சம்பளம் கொடுப்பதைப் பற்றிக் கட்டிடத்தைப்போல் கவலைப்படவில்லை. கோவில் கட்டுகின்றவன் பூசாரியை மறப்பதில்லை. நூலகம் கட்டுகின்றவர்கள்தான் நூலகரை மறந்துவிடுகின்றார்கள்.

போனவர்கள் காட்டிய வழி

ஜனங்கள் இருக்கும் இடத்துக்குப் புத்தகத்தைக் கொண்டுபோக முடியுமா என்றால், நமக்கு முந்தியே கொண்டுபோய்க் காட்டியிருக்கின்றார்கள். 1931 அக்டோபரில் மன்னார்குடிக்குப் பக்கத்தில் மேலவாசல் கிராமத்தில், கனகசபைப் பிள்ளை என்னும் ஒருவர் மாட்டு வண்டியில் புத்தகங்களை ஏற்றி ஊர் ஊராக அனுப்பினார். நூலகத் துறைக்கே பெரியவரான எஸ். ஆர். ரங்கநாதன் அதைத் தொடங்கி வைத்தார். மாட்டு வண்டி போன காலத்தில் போன புத்தகம், ஜீப் போகின்ற காலத்தில் ஏன் போகாது?

மலைக்கு அந்தப் பக்கம் பாருங்கள். 1945-ல் திருவிதாங்கூரில் பி. என். பணிக்கர் என்பவர் 47 வாசகசாலைகளை ஒன்று சேர்த்து ஒரு சங்கம் அமைத்தார். அது வளர்ந்து, இன்று கேரளத்தில் ஊருக்கு ஊர் வாசகசாலை என்னும்படி ஆயிரக்கணக்கில் பெருகியிருக்கின்றது. அதே இடுக்கி ஜில்லாவில், காட்டுக்குள் அன்று நடந்தே போகவேண்டியிருந்த இடமலக்குடியில், ஒரு தேநீர்க் கடைக்காரர் முதுவர் குடிகளுக்காகத் தம் கடையிலேயே சுமார் 160 புத்தகங்களை வைத்துக் கொடுத்து வாங்கி வந்ததை 2014-ல் பத்திரிகைக்காரர்கள் போய்ப் பார்த்து எழுதினார்கள். அவருக்கு மண்டபம் ஏது? பொன்னாடை ஏது? தேநீர் குடிக்க வருகின்றவன் புத்தகத்தையும் பார்ப்பான் என்கின்ற சாதாரண புத்திதான் அவருக்கு மூலதனம்.

நம் ராஜ்யத்திலும் 1990-களில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, புதுக்கோட்டையில் தொண்டர்கள் ஜனங்களை மண்டபத்துக்கு வா என்று கூப்பிடவில்லை. தெருவில் நாடகம் போட்டார்கள். வேலை முடிந்து வந்த பெண்களுக்கு இரவில் எழுத்துச் சொல்லிக்கொடுத்தார்கள். எழுத்தோடு சைக்கிளும் கற்றுக்கொடுத்தார்கள். ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிளில் ஏறியதும், தண்ணீர் எடுக்கவும், வேலைக்குப் போகவும், பிள்ளையைப் பள்ளியில் விடவும் இன்னொருவன் கையை எதிர்பார்ப்பது குறைந்தது. அதுவல்லவா பண்பாட்டு விழா!

என்ன சொல்லப்படுகின்றது?

அன்றியும், நேரமும் இடமும் சரியாகிவிட்டால் மட்டும் போதாது. மேடையில் என்ன சொல்லப்படுகின்றது என்பதும் முக்கியம். நம் பண்பாடு என்றால் மூவேந்தர் பெருமை, கோபுரத்தின் உயரம், ஜமீன் அரண்மனை இவைகளைத்தான் அனேகமாகச் சொல்லுகின்றார்கள். இதே தேனி ஜில்லாவில், ஆண்டிபட்டிப் பக்கம் புலிமான்கோம்பை என்னும் ஊரில் 2006-ல் மூன்று நடுகற்களைக் கண்டுபிடித்தார்கள். அவைகளிலுள்ள தமிழ் எழுத்து 2000 வருஷத்துக்கும் முந்தியது என்று ஆராய்ச்சியாளர் மதிப்பிடுகின்றார்கள். ஒரு கல்லில் என்ன எழுதியிருக்கின்றது? கூடலூரில் மாடு பிடிக்கும் சண்டையில் மாண்ட ஒரு மனிதனின் பெயர் எழுதியிருக்கின்றது. அதில் அரசன் பெயர் இல்லை; சாமி பெயரும் இல்லை. மாட்டுக்காக மாண்ட ஒரு சாதாரண மனிதனுக்கு, அவனுடைய ஜனங்கள் அவன் பெயரைக் கல்லில் வெட்டி வைத்தார்கள். ஆகவே எழுத்து என்பது ஆதியிலிருந்தே மேல்சாதிக்காரன் சொத்து, உனக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று நம்மிடம் சொல்லி வந்ததெல்லாம் எவ்வளவு பெரிய புரட்டு என்பதற்கு நம் ஜில்லாவிலேயே கல் சாட்சி சொல்லுகின்றது. இந்தச் சங்கதி போடியில் ஜீப் ஏறும் பெண்ணுக்குத் தெரியுமா? அவளுக்கல்லவா இது முதலில் தெரியவேண்டும்!

2018-ல் லெனின் பாரதி எடுத்த 'மேற்குத் தொடர்ச்சி மலை' என்னும் சினிமா நம் மலையைப் பற்றியது. ஏலக்காய் மூட்டை சுமக்கும் ஒருவன், துண்டு நிலம் வாங்க ஆசைப்பட்டு, வாங்கியும் இழந்து, கடைசியில் அந்த இடத்திலேயே காற்றாலைக்குக் காவல்காரனாக நிற்பதை அது காட்டுகின்றது. டாக்டர் பி. எச். டேனியல் வால்பாறைத் தேயிலைத் தோட்டத்துக் கூலிகளின் கஷ்டத்தை 1969-ல் இங்கிலீஷில் எழுதினார். 2007-ல் அது 'எரியும் பனிக்காடு' என்று தமிழில் வந்தது. இவைகளைப் பட்டணத்தில் பார்த்தும் படித்தும் கண்ணீர் விட்டார்கள். பாராட்டுக் கூட்டமும் நடத்தினார்கள். யாருடைய கதையோ அவர்களுக்கு ஒரு திரையைக் கட்டிக் காட்டி, இது சரியா, உங்கள் அனுபவம் இப்படித்தானா என்று கேட்பதல்லவா முறை?

இரண்டு ராஜ்யத்துக்கும் நடுவில்

1951-ம் வருஷத்துத் தோட்டத் தொழிலாளர் சட்டத்தில், தொழிலாளர்களுக்குப் பொழுதுபோக்கு வசதியும், பிள்ளைகளுக்குப் படிப்பு வசதியும் செய்வதற்கு விதிகள் ஏற்படுத்த இடம் வைத்திருந்தார்கள். ஏலத்தோட்டங்களும் பிற்பாடு அதில் சேர்க்கப்பட்டன. 2020-ல் பார்லிமெண்டில் செய்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு ஒன்றில் அந்தச் சட்டத்தையும் அடக்கிவிட்டார்கள். எந்தச் சட்டமானாலும், தோட்டத்து லயத்தில் குடியிருப்பவர்களுக்கு ஒரு அறை கட்டினால், அங்கே பகலில் வேலை செய்து இரவில் போடியில் தூங்கும் பெண்ணுக்கு அதனால் என்ன பிரயோஜனம்? 1956-ல் மொழிவாரியாகக் கோடு கிழித்தபோது தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்துக்குப் போயின. கோடு போன வழியில் கூலி போகவில்லை. அவளுக்குப் பகல் கேரளத்தில், இரவு தமிழ்நாட்டில். பகல் சர்க்கார், அவள் தமிழ்நாட்டுக்காரி என்கின்றது. இரவு சர்க்கார் கண்ணை விழித்துப் பார்க்கும்போது அவள் ஊரில் இல்லை. ஆனால் ஓட்டுக்கு மட்டும் எந்த நேரத்திலும் அவள் வீடு கண்டுபிடிக்கப்படுகின்றது!

"களைத்து வருகின்றவளுக்குச் சொற்பொழிவா, தூக்கமா?" என்று சில புத்திசாலிகள் கேட்கலாம். அவளுக்காக இவர்கள் இரக்கப்படுவது மெத்தச் சந்தோஷம். அப்படியானால் அவள் வேலை நேரத்தைக் குறைக்க, ஜீப்பில் நெருக்கத்தைக் குறைக்க, வீட்டில் அடுப்பு வேலையில் ஆண்பிள்ளை பாதியை எடுத்துக்கொள்ள இவர்கள் பேசட்டும். விடிய விடிய நடக்கும் திருவிழாவில் அதே களைத்த பெண் கையில் தீச்சட்டி ஏந்தி நிற்கும்போது வராத இரக்கம், அவள் கையில் புத்தகம் வரும்போது மட்டும் ஏன் வருகின்றது?

பகுத்தறிவுக் கூட்டம் போடும் நம் தோழர்களுக்கும் ஒரு வார்த்தை. மேடையில் வரிசையாக ஆண்பிள்ளைகளே உட்கார்ந்து, மூன்று மணி நேரம் மாறி மாறிப் பேசி, கீழே இருப்பவர்களை வாய் திறக்க விடாமல் அனுப்புவதற்குக் காலட்சேபம் என்று பெயர். சாமியைத் திட்டிச் செய்தாலும் காலட்சேபம் காலட்சேபந்தான்.

ஆகவே நாம் சொல்லுவதாவது:

1. பொது மக்களுக்கு என்று நடத்தும் எந்தக் காரியமும் வேலை முடிந்த பிறகு, இரவு ஏழு மணிக்கு மேலோ, வேலை இல்லாத நாளிலோ நடக்கவேண்டும்.

2. ஜீப்புகள் வந்து நிற்கும் இடமும், அவர்கள் குடியிருக்கும் தெருவுமே மண்டபம் ஆகவேண்டும்.

3. நூலக வரி வாங்கும் ஊரில், இரவு நேரத்தில் நூலகம் திறந்திருக்கவேண்டும். அதற்குச் சம்பளத்தோடு ஆளும் வேண்டும்.

4. வாரத்தில் ஒரு நாளாவது, எழுதப் படிக்கத் தெரிந்தவர் ஒருவர் பத்திரிகையையும் புத்தகத்தையும் உரக்கப் படித்துச் சொல்லவேண்டும். முன்பு நம் இயக்கப் பத்திரிகைகள் தேநீர்க் கடையிலும் முடி திருத்தும் கடையிலும் இப்படித்தான் பரவின.

5. படித்து முடித்ததும் கேட்டவர்களே பேசவேண்டும். அவர்கள் கூலி, அவர்கள் பாட்டு, அவர்கள் கதை எல்லாவற்றையும் எழுதிவைக்கவேண்டும்.

6. வரவேற்புரையும் பொன்னாடையும் அறவே கூடாது. அந்தத் துணிக்கு ஆகும் பணத்தில் புத்தகம் வாங்கவேண்டும்.

இவற்றில் எதற்கும் பெருந்தொகை வேண்டியதில்லை. சர்க்கார் செய்யட்டும் என்று காத்திருக்கவும் வேண்டியதில்லை. ஒரு விளக்கு, ஒரு பாய், பத்துப் புத்தகம், உரக்கப் படிக்கத் தெரிந்த ஒரு தோழர் இருந்தால் அடுத்த வாரமே ஆரம்பித்துவிடலாம். போடியைத் தொட்டு ஓடும் கொட்டகுடி ஆற்றுத் தண்ணீர் பள்ளத்தைப் பார்த்துத் தானாக ஓடி வைகையில் சேருகின்றது. வைகையின் பேரால் மதுரையில் நடக்கும் இலக்கியம் அப்படித் தானாக மேட்டைப் பார்த்து ஏறி வராது. யாராவது சுமந்துகொண்டு வரவேண்டும். மூட்டை மூட்டையாக ஏலக்காயைச் சுமந்து இறக்கின ஜனங்களுக்கு, ஒரு கட்டுப் புத்தகத்தைச் சுமந்து ஏற்ற நம்மில் ஆள் இல்லையா என்று கேட்கின்றோம். இருக்கின்றார்கள் என்று காட்டவேண்டியது போடி, தேவாரம், கம்பம் தோழர்களின் பொறுப்பாகும்.